பதினெட்டு வளைவும் கடந்து

ஸுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டோம். வேனின் பின்பக்கத்தில் ராத்தாவின் சாமான்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பெரிய பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் கோப்பையும் பீங்கானும், இரண்டு போத்தல் மாசிச் சம்பல், உம்மா வறுத்து இடித்த தூள், ஒரு முஸல்லா. தடித்த போர்வை ஒன்றை உம்மா மூன்று தடவை கொண்டுவந்து வைத்தார். மூன்று தடவையும் ராத்தா அதை எடுத்துப்போய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"புதுமாப்பிள வீட்டுக்கு வாற மாதிரி போர்வையும் தலகாணியும் தூக்கிட்டுப் போனா ஆக்கள் சிரிப்பாங்க உம்மா."

"அங்க குளிர் புள்ள."

"எனக்குக் குளிராது."

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்து வீடு மாறுவது மாப்பிள்ளைதான், பெண்ணல்ல. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ராத்தா பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவான செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் எல்லாம் கடைசியில் இந்த வீட்டு விடயத்தில்தான் வந்து நின்றது. மாமா, அதாவது உம்மாவின் மூத்த சகோதரர், மூன்று நாள் அஸருக்குப் பின் வந்து முன் விறாந்தையில் இருந்து கணக்குப் போட்டார். இரண்டு பொம்பிளப் பிள்ளைகள், இரண்டு வீடு. ஒன்றுக்கு அத்திவாரம் மட்டும் போட்டபடி கிடக்கிறது. நாலு வருடம் படித்து முடிய வயது போய்விடும். அத்தோடு ஒலுவிலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது மலைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டதே எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். போர்க் காலத்தில் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக முடியாமல் படிப்பை விட்டவர்களுக்காக அது வந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் கனவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ராத்தா தனது விண்ணப்பத்தில் முதலில் எழுதியது பேராதனை. ஏன் என்று கேட்டால், கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் தமிழ் கற்பித்த இடம் என்பாள். அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவள் வெளியே சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும்.

மாமா கணக்கை முடித்ததும் வாப்பா பேசாமல் உம்மாவைப் பார்த்தார். உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினார்.

"அவள் போகட்டும் காக்கா. வீடு எங்கயும் ஓடாது."

அவ்வளவுதான். மாமாவும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் மாமாவுக்கும் தெரியும்.

1992இல் உயர்தரம் எழுதிய உம்மாவுக்கு, மறு வருடம் பேராதனையிலிருந்து கடிதம் வந்தது. அதே கலைப்பீடம். உம்மாவின் வாப்பா அந்தக் கடிதத்தை இரண்டு நாள் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னாராம்: "உன்ன மையத்தாக் கொண்டு வர என்னால ஏலா மகள்."

இதைக் கேட்கும்போது எனக்கு முன்பெல்லாம் அப்பாவின் மேல் கோபம் வரும். (உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். நான் பிறக்க முன்பே மௌத்தாகிவிட்டார்.) வரலாற்றுப் பாடம் எடுக்கும் ரீச்சர் ஒருநாள் 1990ஐப் பற்றிச் சொன்ன பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் இறங்கியது. அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். வயலுக்குப் போனவர்கள் திரும்பி வராத நாட்கள். அந்த ஞாபகம் மூன்று வருடத்தில் மறைந்துவிடுமா? எந்த வாப்பாதான் மகளை 200 கிலோமீற்றர் காட்டுப் பாதையில் பஸ் ஏற்றுவார்?

உம்மா பிறகு ஆசிரியையானார். இன்றும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் படிப்பிக்கிறார். அந்தக் கடிதம் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டு அலுமாரியில் 2004 டிசம்பர் 26 வரை இருந்தது. அன்று காலை உம்மா தூக்கிக்கொண்டு ஓடியது ஐந்து மாதக் குழந்தையாக இருந்த ராத்தாவை மட்டும்தான். அலுமாரி கடலோடு போயிற்று.

வேன் சாய்ந்தமருது கடந்து காரைதீவுச் சந்தியில் மேற்கே கிறுகியபோது இன்னும் விடியவில்லை. மாவடிப்பள்ளிப் பாலத்துக்கு வந்ததும் சாரதி வேகத்தைக் குறைத்தார். 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போன இடம் அது. யாரும் எதுவும் பேசவில்லை. உம்மா இரண்டு கையையும் ஏந்தினார். இருபுறமும் வயலில் தண்ணீர் கட்டியிருந்தது, வானத்தின் நிறத்தில்.

சம்மாந்துறை தாண்டி அம்பாறை. எங்கள் மாவட்டத்தின் தலைநகரம். பிறப்புச் சான்றிதழ், காணி அலுவல், கச்சேரி என்று எதற்கும் இங்குதான் வரவேண்டும். ஆனாலும் எங்களுக்கு அது சொந்த நகரமாக இருந்ததில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு இந்த நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை கிளம்பியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாவுக் கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு சொன்னது. நான் அப்போது ஆறாம் தரம். வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்படி ஒரு மாத்திர உலகத்தில இரிக்கா ரீச்சர்?" என்று கேட்டதும், ரீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதும் நினைவில் இருக்கிறது.

நாங்கள் கடக்கும்போது கடைகள் திறக்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒருவர் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார். நாய்கள் படுத்திருந்தன. எல்லா நகரங்களும் விடியற்காலையில் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

உகணை கடந்த பிறகு ஆட்கள் குறைந்து மரங்கள் கூடின. பாதையோரத்தில் யானை எச்சரிக்கைப் பலகை. சாரதி ஏற்கனவே இரண்டு முறை யானை கண்டவர். அதனால் எங்களுக்கும் காட்டித் தருவதாக உறுதியளித்தார். யானை வரவில்லை, சாணம் மட்டும் கண்டோம். மகாஓயாவில் வெந்நீரூற்றுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். சுற்றிக் கட்டு கட்டிய சிறு கிணறுகளில் தண்ணீர் ஆவி பறந்தபடி கிடக்கிறது. ஒவ்வொரு கிணற்றிலும் வேறு வேறு அளவில் சூடு. ராத்தா விரலை வைத்துவிட்டுக் கையை உதறினாள். வாப்பா, "இதில முட்ட அவிக்கலாம்" என்றார். எல்லா வாப்பாக்களும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பதியத்தலாவை வரைக்கும் எங்கள் மாவட்டம்தான். அதற்குப் பிறகு ஒரு பலகை ஊவா மாகாணம் என்றது. வாப்பா திரும்பி, "எல்லை தாண்டியாச்சி" என்றார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதே இலுக்கம்புல், அதே தேக்கு மரம். பாதையின் தார் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

எங்கள் மூத்தம்மா அடிக்கடி ஒரு வசனம் சொல்வார்: "நாங்க மலையால எறங்கின ஆக்கள்." சின்ன வயதில் அதை நான் கதை என்று நினைத்தேன். ரீச்சர்தான் சொன்னார், அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது என்று. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்தான். 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கரையில் ஏற்கனவே இருந்தவர்களோடு அவர்களும் கலந்தார்கள். மலைக்கும் கரைக்கும் இடையே போக்குவரத்து இருந்தது. மாடுகளில் பொதி ஏற்றி வரிசையாக நடத்திப்போகும் தவளக்காரர்கள் உப்பும் கருவாடும் புடைவையும் மேலே கொண்டுபோய், பாக்கும் மிளகும் கீழே கொண்டு வந்தார்கள். 1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கடற்தலைவன் ஸ்பில்பேர்கன், விமலதர்மசூரிய மன்னனைக் காணக் கண்டிக்குப் போனதும் இந்தப் பிந்தனைக் காட்டு வழியால்தான். அப்போது கரையும் மலையும் ஒரே அரசனைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் ஒரு பக்கமும் மலை ஒரு பக்கமுமாக எல்லை விழுந்தது.

எல்லாமே இனிப்பான கதையும் அல்ல. ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் தவளக்காரருக்கு மேல் ஒரு முஸ்லிமை அதிகாரியாக நியமித்தது, அங்கிருந்த பிரதானிகளுக்குப் பிடிக்கவில்லை. 1817இல் வெடித்த ஊவா கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அரசாங்கம் ஒருவர் கையில் கொடுக்கும் பதவி இன்னொருவர் கண்ணில் எப்படித் தெரியும் என்பது பழைய பிரச்சினைதான்.

மஹியங்கனையில் மகாவலியைக் கடந்தோம். அகலமான, மெதுவான, மண் நிற ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மத்திய மாகாணம். காலை ஒன்பது மணிக்குள் மூன்று மாகாணம் பார்த்துவிட்டோம். தூரத்தில் மலை ஒரு சுவர் போல நின்றது. உம்மா ஹாண்ட்பேக்கிலிருந்து தேசிக்காயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஹசலக்க கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. பதினெட்டு வளைவு என்பது இந்தப் பாதையின் பெயர்பெற்ற இடம். மலையின் ஒரு முகத்திலேயே பாம்பு சுருண்டது போலப் பாதை மேலே மேலே மடிந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் இலக்கப் பலகை. நானும் ராத்தாவும் சத்தமாக எண்ணத் தொடங்கினோம். ஐந்தாவதில் உம்மா கண்ணை மூடி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினார். எட்டாவதில் தேசிக்காயை மூக்கில் வைத்தார். பதினொன்றில், "நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்த இடமில்லை. மேலிருந்து ஒரு பாரவூர்தி ஹோர்ன் அடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் உம்மா கோபிப்பார். வாளி பயன்பட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கடைசிப் பலகையில் 17 என்று இருந்தது.

"ஒண்டு எங்க?" என்றேன்.

"றோட்ட அகலமாக்கக்குள்ள ஒரு வளைவு போயிற்று. பேர் மட்டும் பதினெட்டு" என்றார் சாரதி.

மேலே ஒரு கடையில் நிறுத்தினோம். பலகைக் கடை. முன்னால் கொய்யாவும் அவித்த சோளமும். கீழே பார்த்தால் நாங்கள் வந்த சமவெளி முழுவதும் பச்சையும் நீலமுமாக விரிந்து, எங்கேயோ மங்கிப் போய்க் கிடந்தது. கடல் தெரியுமோ என்று தேடினேன். தெரியவில்லை. அவ்வளவு தூரம்.

கடைக்காரம்மா வயதான சிங்களப் பெண். உம்மாவின் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இஞ்சி போட்ட பிளேன்டீ. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். வாப்பா தனது வியாபாரச் சிங்களத்தில் கல்முனை என்றார். அந்தம்மாவின் முகம் மாறியது. தனது கணவர் இராணுவத்தில் இருந்தவர் என்றும், கல்முனைப் பக்கம் இரண்டு வருடம் காவல் நின்றவர் என்றும் சொன்னார். லீவில் வரும்போது எருமைத் தயிர்ச் சட்டியும் மருதமுனைச் சாரமும் கொண்டு வருவாராம். இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று வாப்பாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உம்மா இதை வாப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்தபடி அந்தம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வருடம் என்று கேட்கச் சொன்னார். அந்தம்மா விரல் மடித்து எண்ணி, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிமூன்று என்றார். உம்மா தலையாட்டினார். எழும்பும்போது எங்கள் தயிர்ச் சட்டிகளில் ஒன்றை எடுத்து அந்தம்மாவின் மேசையில் வைத்தார். அக்குறணை வீட்டுக்கென்று கொண்டுவந்த இரண்டில் ஒன்று அது. அந்தம்மா பதிலுக்கு ஒரு பை நிறையக் கொய்யா தந்தார். காசு வாங்கவில்லை. வாப்பா பிளேன்டீக்காவது எடுங்கள் என்று வற்புறுத்தி நூறு ரூபாவை வைத்துவிட்டு வந்தார்.

ஹுன்னஸ்கிரிய வரைக்கும் வேனுக்குள் பேச்சில்லை. தேயிலை தொடங்கிவிட்டது. குளிர் காற்று கண்ணாடியில் முட்டியது. ராத்தா கையைக் கட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பிறகு உம்மா தானாகவே பேசினார். யாரையும் பார்த்து அல்ல, வெளியே பார்த்தபடி.

"அப்ப வாப்பா சொன்ன, நீ தைரியமா நிண்டு கேட்டா அனுப்புவன் எண்டு. எனக்குப் பின்னேரம் மறுகா கேட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்த. நான்தான் போகல்ல எண்ட."

நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம். இத்தனை வருடமும் நாங்கள் கேட்ட கதை அப்படியல்ல. மையத்து என்ற சொல்லோடு அந்தக் கதை முடிந்துவிடும். அடுத்த நாள் காலையில் அப்பா மனம் மாறி வந்து கேட்டதையும், உம்மாவே வேண்டாம் என்றதையும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ராத்தா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஏன் எப்பவும் அப்பாவ மட்டும் சொல்லிக்கிட்டிருந்த?"

"அவர் மௌத்தான ஆள். அவருக்கு என்ன."

சொல்லிவிட்டு உம்மா சிரித்தார். பிறகு முகத்தை ஷோலின் நுனியால் துடைத்தார். அவர் அதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே நினைத்து வந்தாரா, அல்லது அந்தக் கடைக்காரம்மாவின் விரல் எண்ணிய வருடங்கள்தான் வெளியே இழுத்தனவா, எனக்குத் தெரியாது.

தெல்தெனியவைத் தாண்டியபோது கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் மின்னியது. பழைய தெல்தெனிய நகரம் அதற்கடியில்தான் இருக்கிறதாம். அடுத்து திகன. அம்பாறைக்குப் பிறகு ஒரே வாரத்தில், 2018 மார்ச் தொடக்கத்தில், எரிந்த ஊர். ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டு இறந்ததைக் காரணமாக்கிக் கடைகளையும் வீடுகளையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கண்டிக்குப் போன் எடுத்து எடுத்து, "ஒண்டுமில்ல, நாங்க வீட்டுக்குள்ளதான்" என்ற பதிலைக் கேட்டு மூச்சு விட்டது நினைவிருக்கிறது.

லுஹருக்கு நேரமாகியிருந்தது. வாப்பா, "இஞ்ச நிப்பாட்டித் தொழுதிட்டுப் போவம்" என்றார்.

"கண்டில தொழலாமே" என்றார் உம்மா.

"ஏன், இதும் பள்ளிதானே."

பாதையோரப் பள்ளி ஒன்று. சுவர் வெள்ளை. பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை. லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வாப்பாவோடு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். வேனுக்கு வந்ததும், என்ன சொன்னார் என்று நான் ஆவலோடு கேட்டேன். எரிந்த கதையை எதிர்பார்த்தேன்.

"கல்முனையில இப்ப வளையா மீன் என்ன விலை எண்டு கேட்டார்" என்றார் வாப்பா.

தென்னக்கும்புரப் பாலத்தில் மீண்டும் மகாவலி. மஹியங்கனையில் பார்த்த அதே ஆறு. ஆனால் இங்கே ஒடுக்கமாக, கல்லில் மோதி. இரவு அக்குறணையில் வாப்பாவின் நண்பர் வீட்டில் தங்கினோம். அவர்களின் உபசரிப்பைப் பற்றி எழுதினால் இந்த இதழே போதாது. வட்டிலப்பம் மட்டும் இரண்டு வகை.

மறுநாள் காலை பேராதனை. பதிவெல்லாம் இணையத்திலேயே முடிந்திருந்ததால் விடுதியில் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. கலகா சந்தியில் திரும்பி உள்ளே போனதும் நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம். பல்கலைக்கழகம் என்றால் எனக்குக் கட்டடங்கள். இது மரங்கள். பெரிய பெரிய மரங்களுக்கு நடுவே, கண்டிய ஓட்டுக் கூரைகளோடு கட்டடங்கள் மறைந்து மறைந்து தெரிகின்றன. இடையில் ஆறு. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே மலைக்கு வந்தது. நீதியரசர் அக்பரின் பெயரில் ஆண்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது என்று சாரதி காட்டினார். அதை அவர் எங்களை விடப் பெருமையாகச் சொன்னார்.

விடுதியில் வரிசை. வாளிகளோடும் பைகளோடும் நின்ற உம்மாக்கள், அம்மாக்கள், அம்மேக்கள். பகிடிவதை பற்றிய பயம் எல்லோர் முகத்திலும் ஒரே அளவில் இருந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்கள் உம்மாவிடம், "உங்கட பிள்ளையும் என்ர பிள்ளையும் ஒரே அறை போல கிடக்கு" என்றார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தது குருணாகலைச் சிங்களப் பிள்ளை. அவளது அம்மா கொண்டுவந்த கொக்கிசும் எங்கள் மாசிச் சம்பலும் அந்த அறையின் ஒரே மேசையில் ஒன்றாக வைக்கப்பட்டன. மூன்று பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு என்ன மொழியில் பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

இறங்கி வந்ததும் உம்மா, "கலைப்பீடம் எங்க இரிக்கி?" என்று கேட்டார். நடந்து போனோம். விடுமுறை நாள் போல ஆட்கள் குறைவு. ஒரு நீண்ட விறாந்தையில் அறிவித்தல் பலகை. உம்மா அதற்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலாவது தாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பரீட்சை நேரசூசி, நூலக நேரம், தொலைந்த அடையாள அட்டை, எல்லாம். சிங்களத் தாள்களுக்கு முன்னாலும் நின்றார். சிங்களம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாப்பா நேரத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கையுறைக்குள் இழுத்து மறைத்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ராத்தா மட்டும் உம்மாவுக்குப் பக்கத்தில் போய், ஒன்றும் பேசாமல், அவரோடு சேர்ந்து அதே தாள்களை வாசித்தாள்.

கடைசித் தாளை முடித்ததும் உம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. போவம்."

திரும்பும் வழியில் வேனில் ஒரு ஆசனம் வெறுமையாக இருந்தது. வளைவுகளில் இறங்கும்போது நான் மட்டும் எண்ணினேன். உம்மா முழு வழியும் நித்திரை. தேசிக்காய் மடியில் உருண்டு கிடந்தது. அந்தக் கடை பூட்டியிருந்தது. உகணையில் யானை நின்றது. பாதையோரத்தில், வெளிச்சத்தில் காது ஆட்டியபடி. சாரதி வெற்றியோடு திரும்பிப் பார்த்தார். ராத்தாவுக்கு வாய்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை. மாமா வாசலில் இருந்தார்.

"பிள்ளய அங்க உட்டுட்டுத்தானா வந்தீங்க?"

"ஓம்" என்றார் உம்மா. அபாயாவைக் கழற்ற முன்பே போன் அடித்தது. ராத்தா. அங்கே மழையாம். ஜன்னலால் சாரல் அடிக்கிறதாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இரண்டு போர்வை கொண்டுவந்திருக்கிறாளாம், ஒன்றைத் தந்திருக்கிறாளாம். ஆனாலும்...

உம்மா அலுமாரியைத் திறந்து போர்வையை எடுத்து உதறி மடித்தார். மாமா, "பஸ்ஸில குடுத்தனுப்புங்க, யாராவது போற ஆக்கள் இருப்பாங்க" என்றார்.

"இல்ல காக்கா" என்றார் உம்மா. "வாற வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய நானே கொண்டு போறன்."